மதுரைச் சுல்தானியப் போர்கள்: சமயமா, செல்வமா, அரசா? – ஒரு மதிப்பீடு

1311 முதல் 1378 வரை மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் கண்ட போர்களைப் பற்றித் தமிழில் இரண்டு வகை எழுத்துகள் உண்டு. அவை இந்து, இஸ்லாம் என்ற இரு சமயங்களுக்கு இடையே நடந்த போர்கள் என்பது ஒரு வகை. பொன்னுக்கும் யானைக்கும் மண்ணுக்கும் நடந்த போர்களுக்குப் பிற்காலத்தார் சமயச் சாயம் பூசினர் என்பது மற்றொரு வகை. இரு தரப்பாரும் சான்றுகள் காட்டுகின்றனர். ஆனால் தமக்கு உதவும் சான்றை எடுத்துக்கொண்டு உதவாததை விட்டுவிடுகின்றனர். அந்தச் சான்றுகளை ஒரே இடத்தில் வைத்து, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ச்சிகளின் வரிசை

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். அவனுடைய மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரசுரிமைக்காகச் சண்டையிட்டனர். சுந்தரன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியுள்ளார். இந்தச் சண்டையின் நடுவே, 1311 ஏப்ரலில், தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் மதுரையை வந்தடைந்தார். கொள்ளைப் பொருளுடன் அதே ஆண்டு அக்டோபரில் தில்லி திரும்பினார்.

1323இல் துக்ளக் இளவரசர் உலூக் கானின் படையெடுப்பால் மதுரை தில்லி அரசின் மாகாணம் ஆயிற்று. அதன் ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன் 1335 வாக்கில் தில்லிக்குக் கட்டுப்படாமல் தனியரசு அமைத்தார். இதையே மதுரைச் சுல்தானியம் என்கிறோம். 1371 வாக்கில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரையை வென்றான். கடைசிச் சுல்தான் அலாவுதீன் சிக்கந்தர் ஷாவின் நாணயங்கள் 1378ஐ ஒட்டிய காலம் வரை கிடைக்கின்றன. ஆகவே கம்பணன் ஒரே போரில் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை என்பதும் தெரிகிறது.

1311: காபூர் எதற்காக வந்தார்?

அலாவுதீன் கில்ஜியின் தேவையிலிருந்து தொடங்குவது நல்லது. வடமேற்கில் மங்கோலியர் அடுத்தடுத்துத் தாக்கிவந்தனர். பெரிய நிரந்தரப் படை வைத்து, அதற்குப் பணமாகச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பளம் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகவே அவர் தில்லிச் சந்தையில் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். தெற்கின் செல்வம் அவருக்குப் புதிதன்று. 1296இல் அவர் தேவகிரியிலிருந்து கொண்டுபோன பொருள்தான் அவரை அரியணை ஏற்றியது.

1309இல் காபூரை வாரங்கலுக்கு அனுப்பியபோது சுல்தான் சொன்ன அறிவுரையைச் சியாவுதீன் பரணி பதிவு செய்துள்ளார். அரசன் கருவூலத்தையும் யானைகளையும் குதிரைகளையும் கொடுத்து, ஆண்டுதோறும் திறை செலுத்த ஒப்புக்கொண்டால் அதோடு விட்டுவிடு, மேலும் நெருக்காதே என்பதே அதன் சாரம். மதம் மாற்றுவது பற்றி அதில் பேச்சில்லை. தம் ஆணைகள் சமயச் சட்டத்துக்குப் பொருந்துகின்றனவா என்று தமக்குத் தெரியாது, அரசுக்கு நன்மை எதுவோ அதையே செய்வதாக அலாவுதீன் ஒரு காஜியிடம் சொன்னதாகவும் பரணியே எழுதுகிறார். பரணி சமயச் சட்டம் வழுவாத ஆட்சியை விரும்பியவர். தாம் விரும்பும் இலக்கணத்துக்குப் பொருந்தாத ஒரு சுல்தானைப் பற்றிய அவருடைய சாட்சியத்துக்கு மதிப்பு கூடுதல்.

ஆனால் அமீர் குஸ்ரோவின் நூல் வேறு குரலில் பேசுகிறது. அதில் இந்தப் படையெடுப்பு முழுவதும் சமய வெற்றியாகவே பாடப்படுகிறது. மதுரை வெறிச்சோடிக் கிடந்ததையும், அரசன் தப்பியதையும், இரண்டு மூன்று யானைகள் மட்டுமே கிடைத்ததையும், காபூர் சினத்தில் கோயிலுக்குத் தீ வைத்ததையும் குஸ்ரோ சொல்கிறார். பொன் வேய்ந்த கோயில் ஒன்றைக் கொள்ளையிட்டு இடித்ததையும் பெருமையோடு விவரிக்கிறார்.

கொள்ளைப் பொருளின் கணக்கிலும் இருவரும் வேறுபடுகின்றனர். குஸ்ரோவின் கணக்கு 512 யானைகள், 5,000 குதிரைகள். பரணியின் கணக்கு 612 யானைகள், 20,000 குதிரைகள், 96,000 மணங்கு பொன். குஸ்ரோ அதே காலத்தவர். பரணி ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். காலம் நீள நீளக் குதிரைகள் நான்கு மடங்காகப் பெருகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கோள் காட்டும் பலர் இந்த எண்களில் ஒன்றை எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமலேயே எழுதிவிடுகின்றனர்.

யார் எந்தப் பக்கம்?

சமயம் மட்டுமே காரணம் என்றால் படைகள் சமயவாரியாகப் பிரிந்திருக்க வேண்டும். அவ்வாறு பிரியவில்லை.

காபூரின் படைக்குத் தேவகிரி யாதவ அரசன் இராமச்சந்திரன் உதவினான். பாண்டியரின் உள்நாட்டுச் சண்டையில் ஆதாயம் தேடித் தமிழகத்துக்குள் வந்திருந்த போசள அரசன் மூன்றாம் வல்லாளன், தன் நாடு தாக்கப்பட்டதும் திரும்பி ஓடினான். பணிந்தபின் காபூரின் படைக்குப் பாண்டிய நாட்டு வழிகாட்டியும் ஆனான். மறுபுறம் வீர பாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததைக் குஸ்ரோவே குறிப்பிடுகிறார். இதில் வியப்பில்லை. பாண்டியரின் துறைமுகங்களை நிர்வகித்தவர் தகியுதீன் என்ற முஸ்லிம் அமைச்சர். ஆண்டுக்கு 1,400 அரபுக் குதிரைகள், ஒவ்வொன்றும் 220 தினார் விலையில், பாண்டிய நாட்டுக்கு வர ஒப்பந்தம் இருந்ததாக வசாஃப் எழுதுகிறார். அந்தக் குதிரைகளை அனுப்பியவர் தகியுதீனின் உடன்பிறந்தாரான ஜமாலுதீன். பாண்டியரின் குதிரைப்படையே அரபு வணிகத்தை நம்பி நின்றது.

காபூர் சென்ற பிறகு நடந்ததும் எண்ணத்தக்கது. வேணாட்டு அரசன் இரவிவர்மன் குலசேகரன் பாண்டிய நாட்டைக் கடந்து காஞ்சிபுரம் வரை வந்தான். 1316 வாக்கில் காகதீயத் தளபதி முப்பிடி நாயக்கன் காஞ்சியைப் பிடித்தான். ஐந்தே ஆண்டுகளில் பாண்டியர் நிலத்தின் மீது பாய்ந்த இவர்கள் எல்லாரும் கோயிலுக்குக் கொடையளித்த இந்து அரசர்கள். தளர்ந்த அரசைக் கண்டால் அண்டை அரசுகள் விடுவதில்லை.

இன்னும் தெளிவான சான்று 1342ஐ ஒட்டியது. வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரைச் சுல்தானின் கோட்டையை முற்றுகையிட்டான். அவனுடைய படையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர், அவர்களோடு ஏறத்தாழ 20,000 முஸ்லிம்களும் இருந்தனர் என்று இப்னு பதூதா எழுதுகிறார். அவர்களைக் குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்று அவர் இகழ்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனாலும் தம் சமயத்தாரில் பலர் எதிரணியில் நின்றதை ஒரு முஸ்லிம் எழுத்தாளர் வேண்டுமென்றே கற்பனை செய்து எழுதக் காரணமில்லை.

இப்னு பதூதாவின் சாட்சியம்

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 வாக்கில் மதுரைக்கு வந்தார். அப்போதைய சுல்தான் கியாசுதீன் தம்கானியின் மனைவியும் இப்னு பதூதா மணந்திருந்த மனைவி ஒருத்தியும் உடன்பிறந்தவர்கள். இருவரும் ஜலாலுதீன் அஹ்சனின் மகள்கள். அதாவது அவர் சுல்தானுக்கு உறவினர், விருந்தினர். அவர் சொல்வது இதனாலேயே கனமுடையது.

போரில் பிடிபட்ட முதியவனான வல்லாளனிடமிருந்து பொருளையும் யானைகளையும் குதிரைகளையும் முழுவதும் பெற்றுக்கொண்ட பிறகே கியாசுதீன் அவனைக் கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டதாக அவர் எழுதுகிறார். அதைத் தாம் கண்ணால் கண்டதாகவும் சொல்கிறார். காட்டுவழியில் பிடிபட்ட சாதாரண மக்களைக் கழுவில் ஏற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் விவரித்து, இது இழிசெயல், வேறெந்த அரசனும் இப்படிச் செய்து நான் கண்டதில்லை, இதனாலேயே இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்ற பொருளில் கண்டிக்கிறார்.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கொடுமை நடந்தது உண்மை. சுல்தானின் உறவினரே அதற்குச் சாட்சி. இரண்டு, அந்தக் கொடுமையை இஸ்லாத்தின் பெயரால் அவர் நியாயப்படுத்தவில்லை. இஸ்லாத்தின் பெயராலேயே கண்டிக்கிறார்.

மூன்றாவது செய்தியும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. இதே கியாசுதீன், இப்னு பதூதாவின் தூண்டுதலால், மாலத்தீவின் மீது படை அனுப்பத் திட்டமிட்டார். மாலத்தீவு அப்போதே முஸ்லிம் நாடு. சுல்தானின் மரணம் அந்தத் திட்டத்தை முடித்துவைத்தது. சமய வெறியே அவரை இயக்கியது என்பவர்கள் இந்தத் திட்டத்தை எங்கே வைப்பார்கள்?

மதுரா விஜயத்தை எப்படி வாசிப்பது?

குமார கம்பணனின் மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய காவியம் மதுரா விஜயம். வீர கம்பராய சரிதம் என்பது அதன் மற்றொரு பெயர். இதன் ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1957இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திருவேங்கடாச்சாரியின் பதிப்பை வெளியிட்டது. ஏடு சிதைந்தது, பாடல்கள் பல இடங்களில் விடுபட்டுள்ளன.

சமயப் போர் என்று வாதிடுவோரின் முதல் சான்று இந்த நூல்தான். அவர்கள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இறுதிப் பகுதியை. ஒரு பெண் கம்பணன் முன் தோன்றி, மதுரையிலும் சுற்றிலும் கோயில்கள் பாழடைந்ததையும் ஊர் சீரழிந்ததையும் சொல்லி, தெய்வ வாள் ஒன்றைக் கொடுத்துப் போருக்கு ஏவுகிறாள். தோப்புகள் நின்ற இடத்தில் தலைகள் செருகிய கழுமரங்கள் நிற்பதாக அவள் சொல்கிறாள்.

இது கவிஞரின் கற்பனை, காவிய மரபு என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்கு என் பதில்: கழுமரச் செய்தியை இப்னு பதூதாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெவ்வேறு மொழியில், ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒருவர் சுல்தானின் விருந்தினர், மற்றவர் சுல்தானின் பகைவன் மனைவி, ஒரே காட்சியைச் சொல்கின்றனர். இத்தகைய ஒப்புமையைத் தள்ளிவிட முடியாது. கற்பனை அந்தத் தெய்வ வாளில் இருக்கிறது. கழுமரம் கற்பனையன்று.

ஆனால் அதே நூலின் முற்பகுதியை இறுதிப் பகுதி அன்பர்கள் வாசிப்பதில்லை. தந்தை புக்கன் கம்பணனுக்கு இட்ட முதல் கட்டளை தொண்டை மண்டலத்துச் சம்புவராயனை வெல்ல வேண்டும் என்பது. அதன் பிறகு துருக்கரை வெல்வது எளிது என்கிறான். கம்பணன் முதலில் சம்புவராயனோடு போரிட்டு, அவனைக் கொன்று, அவன் நாட்டைக் கைப்பற்றுகிறான். சம்புவராயர் தமிழ்நாட்டு இந்து அரச மரபினர். கங்காதேவி இதையும் தம் கணவனின் வீரமாகவே பாடுகிறார், மறைக்கவில்லை. நூலை முழுவதும் வாசித்தால், தெற்கு முழுவதையும் விசயநகரத்தின் கீழ்க் கொண்டுவரும் ஒரு திட்டமும், அதன் கடைசிக் கட்டத்துக்குக் கிடைத்த சமய நியாயமும் தெரியும்.

வெற்றிக்குப் பின் நடந்ததும் இதையே காட்டுகிறது. மதுரை பாண்டியரிடம் திரும்பவில்லை. விசயநகரம் தன் ஆட்களை வைத்து ஆண்டது. பாண்டிய மரபினர் தென்காசிப் பக்கம் ஒதுங்கினர். பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சி வந்தது. புக்கனின் மரபினர் இந்து அரசர்களுக்குள் சுல்தான் என்று பொருள்படும் பட்டத்தைச் சூடிக்கொண்டனர். வெறுத்த எதிரியின் பட்டத்தை யாரும் விரும்பிச் சூடுவதில்லை. சுல்தான் என்பது அவர்களுக்கு ஒரு சமயத்தின் பெயராக இல்லை, பேரரசனின் பெயராக இருந்தது.

"செல்வமே காரணம்" என்பாரின் குறை

இதுவரை வாசித்தவர்கள், சமயத்துக்கும் இந்தப் போர்களுக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்வதாக எண்ணக்கூடும். அப்படிச் சொன்னால் அதுவும் பிழையே.

பொருளுக்காகவே கோயிலைக் கொள்ளையிட்டனர் என்ற விளக்கம் கொள்ளையை விளக்கும். இடித்ததையும் எரித்ததையும் முழுவதும் விளக்காது. காலிக் கோயிலுக்குத் தீ வைப்பதால் ஒரு காசும் கிடைக்காது. அரசனின் குலதெய்வக் கோயிலைத் தாக்கினால் அவனுடைய ஆட்சியுரிமையைத் தாக்கியதாகும் என்று ரிச்சர்ட் ஈட்டன் போன்ற ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். அது பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் குஸ்ரோவின் எழுத்தில் தெரியும் மகிழ்ச்சியை அந்த அரசியல் விளக்கம் தொடுவதில்லை. தில்லி அவையில் அந்த வரிகளைக் கேட்டுப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். கேட்பவர்க்கு இனிக்காததை அவைப்புலவர் எழுதமாட்டார்.

அனுபவித்தவர்களின் பக்கம் இன்னும் முக்கியம். திருவரங்கத்து உற்சவமூர்த்தியை எடுத்துக்கொண்டு வைணவர்கள் ஊர் ஊராக அலைந்தனர். அவர்களோடு புறப்பட்ட முதிய ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். அது மதுரை ஆனைமலைக்கு அருகேயுள்ள கொடிக்குளம் என்பர். மூர்த்தி திருவரங்கம் திரும்பியது 1371இல், கம்பணனின் அதிகாரி கோபணாரியரால். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்து முதிர்ந்துவிட்டது. மதுரையில் சொக்கநாதர் கருவறையைச் சுவரெழுப்பி மறைத்ததாகவும், பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததாகவும் தலவரலாறு சொல்கிறது. விளக்கு எரிந்ததை வரலாறாக ஏற்க முடியாது. ஆனால் ஒரு நகரம் தன் தெய்வத்தை மறைத்துவைக்க வேண்டிய அச்சத்தில் இருந்ததை அந்தக் கதை சரியாகவே சொல்கிறது. படைத்தலைவன் யானைக்காக வந்தானா, சமயத்துக்காக வந்தானா என்பது சுவரெழுப்பிய பட்டருக்கு ஒரு வேறுபாடும் இல்லை.

ஆகவே தொடங்கியவனின் நோக்கம் ஒன்று. போரிட்ட வீரனின் ஊக்கம் ஒன்று. அடிபட்டவனின் அனுபவம் ஒன்று. எழுதியவனின் நியாயம் ஒன்று. இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடக்க முயல்வதே விவாதத்தின் பிழை. சான்றுகளை வைத்துப் பார்த்தால், போரைத் தொடங்கியவை செல்வமும் ஆட்சியும். போரின் வடிவத்தை, எது இடிபட வேண்டும், யார் பழிக்கப்பட வேண்டும் என்பதைச் சமயம் தீர்மானித்தது. போர் முடிந்தபின் நினைவில் எது நிற்க வேண்டும் என்பதையும் சமயமே தீர்மானித்தது.

மற்ற போர்களோடு ஒப்பீடு

இது மதுரைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1095இல் போப்பின் அழைப்பால் தொடங்கிய சிலுவைப் போர்களில், புறப்பட்ட ஒரு கூட்டம் எருசலேம் செல்லாமல் 1204இல் கிறித்தவ நகரமான கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடியது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் அனுராதபுரத்தைச் சூறையாடினான். பதிலுக்கு இரண்டாம் சேனனின் சிங்களப் படை மதுரையைச் சூறையாடி, பறிபோன பொற்புத்தர் சிலையை மீட்டுச் சென்றது. 1284 வாக்கில் குலசேகர பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவாவிலிருந்து புத்தரின் புனிதப் பல்லைக் கவர்ந்துவந்தான். இவற்றைச் சைவ, பௌத்தப் போர்கள் என்று நம் பாடநூல்கள் எழுதுவதில்லை. அரசர்களின் போர் என்றே எழுதுகின்றன. அதே அளவுகோலைப் பதினான்காம் நூற்றாண்டுக்கும் வைக்க வேண்டும். அல்லது இதற்கு வைக்கும் அளவுகோலை அதற்கும் வைக்க வேண்டும்.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதைக்கும் இதே சோதனை பொருந்தும். ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. சமணம் மதுரையில் அழிந்துவிடவில்லை என்பது கல்லின் சாட்சியம்.

மாணவர்களுக்கு

நான் வரலாறு கற்பித்த ஆண்டுகளில் இந்தப் பாடத்துக்கு மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே வரியில் முடியும்: "இஸ்லாமியர் படையெடுத்தனர், இந்துக்கள் மீட்டனர்." அந்த வரியை விரித்து எழுத நான்கு கேள்விகள் போதும்.

1. இரு படைகளிலும் யார் யார் இருந்தனர்?
2. அதே அரசன் தன் சமயத்தாரோடு போரிட்டிருக்கிறானா?
3. வென்ற பின் நாட்டை யாரிடம் கொடுத்தான்?
4. இதை எழுதியவர் யார், எப்போது, யாருக்காக?

சொல்லையும் கவனிக்க வேண்டும். அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் படையெடுத்து வந்தவரைத் துலுக்கர் என்கின்றன. துருக்கர் என்ற இனப்பெயரின் திரிபு அது. கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த முஸ்லிம் வணிகர் சோனகர், அஞ்சுவண்ணத்தார் என்று வேறு பெயர்களில் குறிக்கப்பட்டனர். அடிபட்ட தலைமுறைக்கே அந்த வேறுபாடு தெரிந்திருந்தது. சுல்தானியம் ஒழிந்த பிறகும் மதுரையில் பள்ளிவாசல்கள் நின்றன. கோரிப்பாளையம் பள்ளிவாசலுக்குப் பழம் பாண்டியன் விட்ட ஊர்களை 1573இல் நாயக்க மன்னர் வீரப்பர் கல்வெட்டில் உறுதிசெய்து கொடுத்தார்.

இன்று திருப்பரங்குன்றம் மலையடியில் முருகன் கோயிலும் மேலே சிக்கந்தர் பெயரிலான தர்காவும் உள்ளன. அந்த மலையின் உரிமை பற்றிய வழக்கு 1931இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பேச்சு இன்னும் ஓயவில்லை. இத்தகைய இடங்களைப் பற்றிப் பேசும்போது கியாசுதீனின் கழுமரங்களை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் அதை எடுத்துக்காட்டுபவர் கையில் அது ஆயுதமாகிவிடும். ஆனால் அந்தக் கழுமரங்களுக்கு இன்று மதுரையில் வாழும் எவரும் பொறுப்பில்லை. அதை முதலில் கண்டித்து எழுதியவரும் ஒரு முஸ்லிமே என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.